நிரோஷாவுக்கு ஒரு பேனர்

காலை இடிக்குதாண்ணா? இருங்க, இப்படித் தள்ளி வெச்சிக்கிறேன். தார்ப்பாய் இல்லண்ணா. கண்டக்டரும் தார்ப்பாய்னு நினைச்சுத்தான் லக்கேஜ் போடணும்னு நின்னான். பேனர் இது. ஃபிளெக்ஸ் பேனர், பத்துக்கு எட்டு. ரெண்டா மடிச்சுச் சுருட்டியிருக்கேன். மடிக்கறதுலயும் ஒரு பக்குவம் இருக்கு, இல்லன்னா மூஞ்சி நடுவுல கோடு விழுந்துடும். மேல போட்டா உருண்டு யார் தலையிலயாவது விழும். அதான் திருவண்ணாமலையில பஸ் மாறினதுலருந்து கால் நடுவுல நிறுத்திப் பிடிச்சிட்டே வர்றேன்.

நீங்க எதுவரைக்கும்? மதுராந்தகமா. மூத்த பொண்ணு வீடு, சரி சரி. நான் அதுக்கும் அந்தாண்ட, செங்கல்பட்டு தாண்டி ஒரு காலேஜு. மூணு மணிக்குப் பட்டமளிப்பு விழா. இப்ப மணி என்ன ஆவுது? பாருங்க, செஞ்சியில டீ குடிக்க இறங்கின டிரைவர் இன்னும் ஏறக் காணோம். நாம அவசரம்னு உக்காந்திருக்கற அன்னிக்குத்தான் இவனுங்களுக்கு டீ கூட ஆறிப் போய்த்தான் இறங்கும். ஜன்னலைக் கொஞ்சம் நல்லாத் தள்ளுங்க, புழுங்குது. உங்களுக்குப் பறிச்ச மல்லாட்டை களத்துல கிடக்குன்னு சொன்னீங்கல்ல, கடலை நனைஞ்சா போச்சு, மேகத்தைப் பாத்தா எனக்கே பயமா இருக்கு.

என் பேரு ஏகாம்பரம். செங்கம் பஸ் ஸ்டாண்டு எதிர்ல ஏகாம்பரம் டிஜிட்டல்ஸ்னு போர்டு பாத்திருப்பீங்க. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீர், கண்ணீர் அஞ்சலி, எல்லாப் பேனரும் நம்ம கடைதான். ஆனா தொழிலைச் சொல்லிக்க நான் ஆசைப்படறதில்ல. ஏணி கல்வி மன்றம், கேள்விப்பட்டிருக்கீங்களா? செயலாளர் நான்தான். வீட்ல முத முத காலேஜு வாசப்படி ஏறுற புள்ளைங்க இருக்குதுங்க பாருங்க, வசதி இல்லாத புள்ளைங்க, அதுங்களைத் தேடிப் புடிச்சு, அப்ளிகேஷன் போட்டு, சீட்டு வாங்கி, ஃபீஸ் கட்டி, ஹாஸ்டல்ல கொண்டு போய் விடற வரைக்கும் நம்ம பொறுப்பு. ரைஸ் மில் தனகோட்டி முதலியார்தான் தலைவர். இன்னும் நாலஞ்சு பெரிய மனுஷங்க இருக்காங்க. அவங்க குடுக்கறாங்க, நான் ஓடறேன்.

உங்க சின்னப் பொண்ணு பன்னெண்டாவது படிக்குதுன்னீங்களே, அனுப்பி வைங்க. சத்தியமா சொல்றேன், நான் பாத்துக்கறேன். மார்க் ஷீட், ஆதார், வருமானச் சான்றிதழ். அப்புறம் ஒரு போட்டோ, வீட்டு முன்னால நின்ன மாதிரி. வீடு நல்லாத் தெரியணும். அதுக்காக சுண்ணாம்பு கிண்ணாம்பு அடிச்சுடாதீங்க, போன வருஷம் ஒருத்தர் அடிச்சுட்டு வந்து நின்னாரு, காரியமே கெட்டுச்சு. இருக்கற மாதிரியே இருக்கட்டும். அதுதான் பேசும்.

நான் ஏன் இதுல இறங்கினேன்னு எல்லாரும் கேப்பாங்க. நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றேன். எங்கப்பா செங்கல் சூளை. நான் பன்னெண்டாவது பாஸ் பண்ணி திருவண்ணாமலையில பி.காம். சேந்தேன். எங்க தெருவுலயே முத ஆளு. மொத செமஸ்டர்ல இங்கிலீஷ் போச்சு. நோட்டீஸ் போர்டுல பாஸானவங்க நம்பர் போட்டிருந்தாங்க, என் நம்பர் இல்ல. சரி, நம்மள அனுப்பிட்டாங்கன்னு நினைச்சேன். பொட்டியைத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன். யாரும் என்னை அனுப்பலண்ணா. நானாத்தான் வந்தேன். அரியர்னு ஒண்ணு இருக்கு, அடுத்த தடவை திரும்ப எழுதலாம், அதுவரைக்கும் கிளாசுல உக்காரலாம்னு எனக்குத் தெரியவே தெரியாது. பள்ளிக்கூடத்துல பெயிலுன்னா பெயிலுதானே? வீட்ல யாரைப் போயிக் கேக்கறது? எங்கப்பா, விடுடா, சூளையில ஆள் தேவையாத்தான் இருக்குன்னாரு.

ரெண்டு மூணு வருஷம் கழிச்சு நான் ஒரு பிரஸ்ல அச்சு கோத்துட்டிருக்கேன். கூடப் படிச்சவன் ஒருத்தன் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தான். பேருக்குப் பின்னால பி.காம். போடச் சொன்னான். உனக்குத்தான் மூணு பேப்பர் போச்சேடான்னேன். எழுதிப் பாஸ் பண்ணிட்டேன்டா, நீதான் சொல்லாமக் கொள்ளாம ஓடிட்டேன்னான். அந்த பி.காமை என் கையாலதான் கோத்தேன். அன்னிக்கு ராத்திரி சோறு இறங்கல எனக்கு.

அப்பாடா, எடுத்துட்டான். போ ராஜா, போ, மிதி.

இந்தப் பேனர்ல இருக்கறது யாருன்னு சொல்றேன். நிரோஷான்னு ஒரு பொண்ணு. அவங்கம்மா பச்சையம்மா, எங்க பஸ் ஸ்டாண்டுல கூட்டற வேலை, காண்ட்ராக்ட்ல. அப்பா இல்ல. காலையில நான் கடை திறக்கறப்ப பச்சையம்மா குப்பை வண்டியைத் தள்ளிட்டு வரும். ஒருநாள் மார்க் ஷீட்டை முந்தானையில சுத்தி எடுத்துட்டு வந்து, அண்ணா இது நல்ல மார்க்கான்னு பாத்து சொல்லுங்கன்னு கேட்டுச்சு. பாத்தேன். நல்ல மார்க்காவா? அடேங்கப்பா. பொண்ணைக் கூப்பிடுன்னேன். என்னம்மா படிக்கறேன்னா, பிசியோதெரபின்னுது. அந்தப் பேரு அதுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேளுங்க. அவங்கம்மாவுக்குக் குனிஞ்சு கூட்டிக் கூட்டி இடுப்பு போயி, பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டியிருக்கா. அங்க வேலை பாக்கற ஒரு அம்மா பச்சையம்மா காலை மடக்கி நீட்டி நடக்க வெச்சாங்களாம். அதைப் பாத்துட்டு வந்தவ, படிச்சா இதுதான்னு நின்னுட்டா. எனக்கு அது என்ன படிப்புன்னே தெரியாது. கை கால் அமுக்கி விடறதுக்குமா காலேஜுன்னு நினைச்சேன். ஆனாலும் அலைஞ்சு சீட்டு வாங்கினேன். ஹாஸ்டல்ல பாய், தலகாணி, பக்கெட்டு எல்லாம் என் வண்டியிலதான் போச்சு.

சீட்டு கிடைச்ச வாரமே பேனர் அடிச்சேன். நானே உக்காந்து டிசைன் பண்ணேன். இந்தப் பக்கம் நிரோஷா, அந்தப் பக்கம் பச்சையம்மா கையில விளக்குமாறோட, சுத்திவர கமிட்டிக்காரங்க வட்டப் போட்டோ. கீழ பெரிய எழுத்துல, குப்பை அள்ளும் தாயின் மகள் வருங்கால டாக்டர். பிசியோதெரபின்னா டாக்டர் இல்ல சார்னு அந்தப் பொண்ணு போன் பண்ணிச் சொல்லிச்சு. ஜனங்களுக்கு அதெல்லாம் எங்கம்மா புரியும்னு விட்டுட்டேன். பஸ் ஸ்டாண்டு வாசல்லயே கட்டினோம். ஊரே நின்னு படிச்சுது. யாரோ போட்டோ எடுத்து வாட்சப்ல விட்டு, அது அவ காலேஜு வரைக்கும் போச்சாம். பாருங்க, எங்க செங்கம், எங்க செங்கல்பட்டு.

பச்சையம்மா தினம் காலையில அந்தப் பேனருக்குக் கீழயேதான் கூட்டும். தன் பொண்ணு மூஞ்சியப் பாத்துக்கிட்டே வேலை செய்யற குடுப்பினை எத்தனை பேருக்குக் கிடைக்கும் சொல்லுங்க. ஆனா அது மேஸ்திரியைக் கெஞ்சி வேற பக்கம் மாத்திக்கிட்டுப் போயிடுச்சு. சந்தைப்பேட்டைப் பக்கம். அங்க தெருவும் பெருசு, வேலையும் ஜாஸ்தி. ஏன் போச்சுன்னு எனக்கு இன்னிவரைக்கும் விளங்கல.

ஒரு நிமிஷம், இந்தப் பொண்ணுக்கு இன்னொரு தடவை போன் அடிச்சுப் பாக்கறேன். ம்ம். எடுக்கல. விழா நாள், ஆயிரம் வேலை இருக்கும். நான் வர்றேன்னு அதுக்குத் தெரியாது. திடீர்னு போயி நிக்கணும்னுதான் நினைச்சேன், அப்புறம் கேட்டுல உள்ள விடலன்னா என்ன பண்றதுன்னு ஒரு யோசனை. பாஸ் குடுப்பாங்களாம், ஒரு புள்ளைக்கு ரெண்டு பாஸ், அப்பா அம்மாவுக்கு. இவளுக்கு அப்பா இல்லையே, ஒரு பாஸ் மிச்சம்தானே? இல்ல, அந்த எடத்துக்கு நான்னு சொல்லல. கணக்குக்குச் சொல்றேன்.

மொத வருஷம் நடந்ததை உங்களுக்குச் சொல்லணும். அந்தப் பொண்ணுக்கு அனாடமி போச்சு. உடம்புல இருக்கற எலும்பு நரம்பு எல்லாம் மனப்பாடம் பண்ணணுமாம், அதுவும் இங்கிலீஷ்ல. பச்சையம்மா ஓடி வந்துச்சு. அண்ணா, பாப்பா துணியெல்லாம் கட்டி வெச்சிட்டு பஸ் ஏறப் போறேங்குதுன்னு அழுதுச்சு. ஒரு முகூர்த்தப் பேனர் மிஷின்ல ஓடிட்டிருந்தது, அப்படியே போட்டுட்டு பஸ் ஏறினேன். நான் போறப்ப ஹாஸ்டல் கேட்டுக்கு வெளிய பையோட நிக்குது. அங்க ஒரு வண்டிக் கடை. வடை வாங்கிக் குடுத்தேன். சாப்பிடும்மா, அப்புறம் நான் சொல்றதைக் கேளுன்னேன். என் கதையைச் சொன்னேன். அரியர்ங்கறது திரும்ப எழுதற பேப்பர், அவ்வளவுதான், அதுக்காக வீட்டுக்குப் போனா என்னை மாதிரி அடுத்தவன் பேருக்குப் பின்னால பட்டம் அச்சடிச்சுக் குடுத்துட்டு நிக்க வேண்டியதுதான்னேன். வடையைத் தின்னு முடிச்சுது, கையைத் துடைச்சுது, பையைத் தூக்கிட்டு உள்ள போச்சு. அந்தப் பேப்பரை அடுத்த தடவை எழுதிப் பாஸ் பண்ணிடுச்சு.

இதைச் செய்யத்தான் மன்றம். இதை யாராவது எனக்குச் செஞ்சிருந்தா நான் எங்கயோ இருந்திருப்பேன்.

ஆனா பாருங்க, நல்லது செய்யறதுக்கும் காசு கைமாறணும். வருஷா வருஷம் கல்யாண மண்டபத்துல விழா வைப்போம். கமிட்டிக்காரங்க, ஊர்ப் பெரியவங்க, கடைக்காரங்க எல்லாரும் வருவாங்க. நம்ம வழக்கம் என்னன்னா, ஒவ்வொரு புள்ளையும் மேடையேறி மைக்குல அவங்க வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லணும். அப்பா அம்மா பக்கத்துல நிக்கணும். சும்மா நன்றி வணக்கம்னு சொன்னா எவன் குடுப்பான்? மனசு இளகினாத்தான் கை நீளும். இது என் அனுபவம். மொத வருஷம் நிரோஷா பேசிச்சு பாருங்க, அவங்கம்மா பழைய சோத்தைப் பிழிஞ்சு இதுக்குப் போட்டுட்டு தண்ணியைக் குடிச்சிட்டு வேலைக்குப் போனதைச் சொல்றப்ப உடைஞ்சு அழுதுடுச்சு. பச்சையம்மா முந்தானையை வாயில வெச்சிக்கிட்டு நிக்குது. முதலியார் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. அந்த வருஷம் மாதிரி எந்த வருஷமும் சேரல. அந்த ஒரு பேச்சுல இன்னும் நாலு புள்ளைங்க காலேஜு சேந்துதுங்க. இது பொய் இல்ல, அந்தப் புள்ளைங்களை நான் கூட்டிட்டு வந்து காட்டுவேன்.

ரெண்டாவது வருஷம் நான் சொன்னேன், போன வருஷம் பேசினதையே பேசும்மா, அந்தப் பழைய சோறு எடம் வர்றப்ப மட்டும் கொஞ்சம் நிறுத்துன்னு. பேசிச்சு. ஆனா கண்ணுல பொட்டுத் தண்ணி இல்ல. கடகடன்னு ஒப்பிச்சுட்டு இறங்கிடுச்சு. முதலியார் என்னைத் திரும்பிப் பாத்தாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. உடனே மைக்கை வாங்கி, இந்தப் பொண்ணு ஒரு பேப்பர் பெயிலாயி படிப்பையே விட்டுட்டு ஓடி வரப் பாத்துச்சு, நான் போயி மறிச்சு திருப்பி உள்ள அனுப்பினேன்னு அந்தக் கதையைச் சொன்னேன். நல்ல கைதட்டல். அந்தப் பொண்ணு கீழ தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. அடக்கமான பொண்ணு.

மூணாவது வருஷம்தான் வினை. விழாவுக்கு வந்துச்சு, வராம இல்ல. விடியறதுக்கு முன்னாடியே வந்து மண்டபத்துல கோலம் போட்டுச்சு. நாற்காலி இழுத்துப் போட்டுச்சு. பேரு கூப்பிடப் போறாங்க, வாம்மான்னா, என்னைத் தனியாக் கூப்பிட்டு சொல்லிச்சு.

"சார், பந்தி பரிமாறறேன், எலை எடுக்கறேன். மேடைன்னாலும் ஏறறேன், எப்படி அப்ளை பண்றது, ஹாஸ்டல்ல எப்படி இருக்கறது, அரியர் வந்தா என்ன பண்றதுன்னு புள்ளைங்களுக்குச் சொல்றேன். எங்கம்மா கதையை மட்டும் இனி சொல்ல மாட்டேன்."

நான் எவ்வளவோ சொன்னேன். இதைச் சொன்னா உனக்கு என்னம்மா குறைஞ்சுடும், உனக்குப் பின்னால வர்ற புள்ளைங்களுக்காகத்தானேன்னேன். அதுக்கு அந்தப் பொண்ணு, எங்கம்மாவும் வருஷா வருஷம் அதே பொடவையைக் கட்டிக்கிட்டு அங்க நிக்கணுமா சார்னு கேட்டுச்சு. அந்தப் பழைய பொடவைதான் கட்டிட்டு வரச் சொல்லுவோம், அதைச் சொல்லுது. புதுப் பொடவை கட்டிட்டு மேடையேறினா பாக்கறவன் என்ன நினைப்பான்? எனக்குக் கோவம்தான் வந்துச்சு. அம்புட்டு ரோஷம் ஆகாதும்மான்னு சொல்லிட்டேன். பேரைக் கூப்பிட்டாங்க, வரல. ரெண்டாவது தடவையும் கூப்பிட்டாங்க. முதலியார் முகம் சுண்டிப் போச்சு.

அப்புறம் கமிட்டி கூடிச்சு. மேடை ஏறாதவங்களுக்கு உதவி இல்லன்னு முடிவு பண்ணாங்க. நான் நிறுத்தலண்ணா, கமிட்டிதான் நிறுத்திச்சு. நான் கையைத் தூக்கினேன், ஆமா, எல்லாரும் தூக்கினா நான் மட்டும் என்ன பண்ண முடியும்? ஒரு புள்ளைக்காக மன்றத்தையே கலைக்க முடியுமா?

ஒருநாள் அந்தப் பொண்ணு வீட்டுப் பக்கம் போனேன், சமாதானம் பேசலாம்னு. மழைக்காலம். எங்க தொழில்ல பழைய ஃபிளெக்ஸை யாரும் வீணாக்க மாட்டாங்க, கூரைக்குப் போடுவாங்க, உங்களுக்கே தெரியும். நிரோஷா பேனரையும் இறக்கினப்புறம் பச்சையம்மாகிட்டதான் குடுத்தேன், வீடு ஒழுகுதுன்னு. போய்ப் பாத்தா, கூரை மேல வெறும் வெள்ளை. படத்தை உள்பக்கம் வெச்சு, வெள்ளைப் பக்கம் மேல வர்ற மாதிரி போட்டிருக்காங்க. அந்தத் தெருவுல மத்த வீட்டுக் கூரையில எல்லாம் மந்திரி சிரிக்கிறாரு, மாப்பிள்ளை பொண்ணு சிரிக்குது. இவங்க வீட்ல மட்டும் வெள்ளை. படத்தை வெளிய போட்டிருந்தா எவ்வளவு எடுப்பா இருந்திருக்கும். என் டிசைன் அது, எனக்கு வருத்தமா இருக்காதா? பச்சையம்மாகிட்ட கேட்டேன். அது என்ன சொல்லிச்சு தெரியுமா?

"நீங்க செஞ்சதுக்கு நாள் பூரா உங்களைக் கும்புடறேன்ணா. படம் உள்ளாரயே இருக்கட்டும். நாங்க பாத்துக்கறோம்."

நானும் காபியைக் குடிச்சுட்டு வந்துட்டேன். சமாதானமும் ஆகல, சண்டையும் ஆகல.

திண்டிவனம் வந்துடுச்சா? இங்க ரொம்ப நேரம் போடுவானா? மூணு மணிக்குப் போயிடுவேன்ல? அதுக்கு முன்னாலயே போகணும், கேட்டுக்குப் பக்கத்துல கட்ட எடம் பாக்கணும். கட்டுக்கம்பி பையில இருக்கு, கட்டிங் பிளேயர் இருக்கு. ரெண்டு மரமோ கம்பமோ இருந்தா போதும், நானே கட்டிடுவேன்.

அப்புறம் அந்தப் பொண்ணு எப்படிப் படிச்சுதுன்னா கேக்கறீங்க? அதுவே எதோ அரசாங்க ஸ்காலர்ஷிப்புக்கு எழுதிப் போட்டுச்சாம். லீவு நாள்ல பக்கவாதம் வந்த பெரியவங்க வீட்டுக்குப் போய் எக்சர்சைஸ் சொல்லிக் குடுத்துச்சாம். பச்சையம்மா சாயந்திரத்துல ஒரு மெஸ்ல பாத்திரம் தேய்க்கப் போச்சு, அந்த இடுப்போட. எப்படியோ நாலரை வருஷமும் முடிச்சுடுச்சு. நான் என்ன சொல்றேன்னா, கமிட்டி நிறுத்தினதும் ஒருவகையில நல்லதாப் போச்சு. அந்த ரோஷத்துலதானே முடிச்சுது? அதுவும் நம்ம பங்குதானே? ஏன்ணா சிரிக்கிறீங்க? சிரிக்கலையா, சரி.

இன்னிக்கு விழான்னு எனக்கு அது சொல்லல. அதான் என் ஆதங்கமே. காலையில கடைக்கு முன்னால கூட்டறவங்க, பச்சையம்மா நேத்தே மெட்ராஸ் பக்கம் போயிடுச்சு சார், மக இன்னிக்கு மூணு மணிக்குப் பட்டம் வாங்குதாம்னாங்க. எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணும் புரியல. ஊருக்கே பேனர் கட்டினவன் நான், எனக்குக் கூட்டறவங்க சொல்லித் தெரியணுமா? கோவமா வந்துச்சு. அப்புறம் கோவம் போயிடுச்சு. மிஷினைப் போட்டேன். பழைய படத்தை எடுத்து, தலையில பட்டத் தொப்பி வெச்சேன், கருப்பு அங்கி போட்டேன். எல்லாம் கம்ப்யூட்டர்லதான். கீழ, ஏணி பெற்றெடுத்த பட்டதாரின்னு போட்டேன். கமிட்டி போட்டோவும் உண்டு. பழசையெல்லாம் மனசுல வெச்சுக்கலன்னு காட்டணும்ல? மை காயக் காயச் சுருட்டிட்டு ஓடி வந்துட்டேன், காலையிலருந்து ஒரு டீ குடிக்கல.

உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன, நான் இவ்வளவு புள்ளைங்களை அனுப்பியிருக்கேன், பட்டமளிப்பு விழாங்கறதை உள்ள உக்காந்து பாத்ததே இல்ல. நடுவுல நிறையப் பேரு விட்டுடறாங்க. சிலது கல்யாணம், சிலது வேலைன்னு போயிடுது. முடிச்சதுங்க கூப்பிடறதில்ல. பேரு கூப்பிடுவாங்களாமே, அந்தக் கருப்பு அங்கியில வரிசையா நடந்து போவாங்களாமே. ஒரே ஒரு தடவை உள்ள உக்காந்து பாக்கணும். எங்கப்பா சூளையில கிடந்து செத்தாரு, அவருக்குத் தெரியாது நான் எதை விட்டுட்டு வந்தேன்னு. எனக்குத் தெரியும். அதான் இந்த ஓட்டம்.

இருங்கண்ணா. போனு. அந்தப் பொண்ணுதான்.

ஹலோ. சொல்லும்மா. நான்தான் கூப்பிட்டுட்டே இருந்தேன். இல்லம்மா, சும்மாத்தான். ம். தெரியும்மா, இப்பத்தான் சொன்னாங்க. ரொம்ப சந்தோஷம்மா. என்னது? இல்லம்மா. இல்ல, எதுவும் கட்டல. யாரு சொன்னா? இல்லவே இல்ல. நான் கடையிலதான்மா இருக்கேன். அது பஸ்ஸு ஹாரன், பஸ் ஸ்டாண்டு எதிர்லதானே நம்ம கடை. ம். ம். அப்படியா. சொல்லும்மா, நல்லா சொல்லு. அம்மா புதுப் பொடவையா? நல்லது. வேணாம் வேணாம், அம்மாகிட்ட குடுக்க வேணாம், உனக்கு நேரமாவும். நல்லாரு தாயி. நல்லாரு.

மேல்மருவத்தூர் தாண்டிட்டமா?

கடையில இருக்கேன்னுதான் சொன்னேன். உங்க காதுல விழுந்திருக்குமே. ஏன் அப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியல, வாயில வந்துடுச்சு. எடுத்ததும் வணக்கம் சார்னுது. நல்லாருக்கீங்களான்னுது. அடுத்த வார்த்தை என்ன தெரியுமா? சார், பேனர் எதுவும் கட்டலையேன்னுது. அந்தக் குரலை நீங்க கேக்கலையே. ஹாஸ்டல் கேட்டுல பையோட நின்னுச்சே, அன்னிக்குக் கூட அப்படி ஒரு குரல் இல்லண்ணா. பட்டம் வாங்கற அன்னிக்கு எதுக்கு அந்தப் பொண்ணு என் நம்பரைப் பாத்துப் பயப்படணும்? நான் என்ன பண்ணிட்டேன்? சொல்லுங்க, நீங்களும் ஒரு பொண்ணைப் பெத்தவருதானே, சொல்லுங்க.

காலேஜுல பேனருக்கு அனுமதி இருக்காது. அதான் கேட்டிருக்கும். அதுவாத்தான் இருக்கும்.

இல்ல. அது இல்ல.

இன்னொண்ணும் சொல்லிச்சு. ஃபெயிலான ஜூனியர் பொண்ணுங்க யாராவது துணியைக் கட்டினா, கேட்டுக்கு வெளிய அந்த வண்டிக் கடைக்குக் கூட்டிட்டுப் போயி வடை வாங்கிக் குடுத்து, நீங்க அன்னிக்குச் சொன்னதைத்தான் சார் சொல்றேன்னுது. யாரு பேரையும் சொல்றதில்ல, ஒரு சார் சொன்னாருன்னு மட்டும் சொல்லுவேன்னுது. அதுல யாரும் வீட்டுக்குப் போகலையாம். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன் சார்னுது. வாங்கன்னு சொல்லல. வராதீங்கன்னும் சொல்லல. அன்னிக்கு அந்த வண்டிக் கடையில மைக்கு இல்ல, மேடை இல்ல. எண்ணெய்க் கையைக் காகிதத்துல துடைச்சுக்கிட்டு நின்னோம், அவ்வளவுதான்.

மதுராந்தகம் ஏரி தெரியுது. நீங்க இறங்கணும்ல? நானும் இறங்கறேன். ஆமா, இங்கயேதான். எதிர்ப்பக்கம் திருவண்ணாமலை வண்டி நிக்கும்ல? கடையில இருக்கேன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டேன், அப்ப கடையிலதான் இருக்கணும். மூணு மணிக்குள்ள கடைக்குப் போய்ச் சேர முடியாது, பரவால்ல. அந்தப் பக்கம் கிளம்பிட்டேன்னாவது இருக்கும்.

பாத்து இறங்குங்க, படி உயரம். பையைக் குடுங்க நான் புடிக்கறேன்.

உங்க சின்னப் பொண்ணை அனுப்புங்க. மறக்காம அனுப்புங்க. மார்க் ஷீட் எடுத்துட்டு வரச் சொல்லுங்க. அந்த வீட்டு போட்டோ, அது, கமிட்டியில கேப்பாங்கதான். கேட்டா நான் பேசிக்கறேன். நீங்க சுண்ணாம்பு அடிக்கறதுன்னா அடிச்சுக்கங்க.

இந்தப் பேனரைப் புடிங்க. அட, புடிங்கண்ணா. தூறல் போடுது பாருங்க, ஊருக்குப் போனதும் உங்க மல்லாட்டைக்கு ஆகும். புதுசு, காலையில அடிச்சது, ஒரு சொட்டு இறங்காது. நாலு மூலையிலயும் ஓட்டை இருக்கு, கல்லு கட்டிக்கலாம். ஒண்ணு மட்டும், விரிக்கறப்ப கொஞ்சம் பாத்து விரிங்க. படம் உள்பக்கமா இருக்கட்டும். வெள்ளைப் பக்கம் மேல வரணும்.